காக்கிக் காலில் தொங்கிய எட்டணாக்கள்

பயம் வந்தால் மனுஷன் கோயிலுக்குப் போவான், இல்லாவிட்டால் கள்ளுக்கடைக்குப் போவான். எனக்குப் பயம் வந்தபோது நான் ஒரு காந்தம் வாங்கினேன்.

எழுபதுகள் தொடங்கியிருந்தன. திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நாற்பதைத் தாண்டிவிட்டிருந்தேன். தலையில் பாதி முடி, வாயில் முழு நக்கல். என் பஸ்ஸில் ஏறுகிற எவனும் ஒரு கிண்டலாவது வாங்கிக்கொள்ளாமல் இறங்கியதில்லை. "நீ டிக்கெட்டக் கிழிக்கிறதக் காட்டியும் ஆளக் கிழிக்கிறதுதான்யா ஜாஸ்தி" என்பார் டிரைவர். ஊரையே கிழித்துக்கொண்டிருந்த அந்த ஆசாமிதான் அந்த வருஷம் விலைவாசியைப் பார்த்து நடுங்கிப் போனான்.

அதற்கு முன்பெல்லாம் விலைவாசி என்பது பஸ்ஸில் வழிப்பேச்சுக்கு உதவுகிற ஒரு விஷயம், அவ்வளவுதான். அந்த வருஷம் அது வீட்டுக்கே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. அரிசிக்காரன் காலையில் ஒரு விலை சொன்னான். டூட்டி முடிந்து மாலையில் பையோடு போய் நின்றால், "அது காத்தால வெல நைனா" என்றான். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சர்க்கரைக்கு வரிசை. நாஷ்டாவுக்குத் தின்கிற இட்லியும் விலை ஏறியது. ஏறியதாவது போகட்டும், ஏறின கையோடு இளைத்தும் போனது. இட்லியை நான் அதுவரை விரலால் அளந்து பார்த்ததில்லை. அந்த வருஷம் பார்த்தேன்.

கடம்பத்தூர் பக்கம் எங்கள் வீடு. மண் சுவர், பனையோலைக் கூரை. கூரை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐப்பசியில் வெளியே ஒரு மழை பெய்யும், உள்ளே ஒரு மழை பெய்யும். வெளியே விட்ட பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் தொடரும். எங்கள் சின்ன மகளுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலம் முழுக்க அவள் நெஞ்சு கிழிந்த துருத்திபோல் இழுக்கும். அவளை மடியில் சாய்த்துக்கொண்டு என் மனைவி கூரையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். இரண்டில் எது அதிகம் ஓட்டை என்று யோசிப்பதுபோல இருக்கும்.

அந்தக் கூரைக்காகத்தான் அவள் வருஷக்கணக்காய் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சீட்டு கட்டினாள். சீட்டை எடுத்த அன்று, நோட்டுகளை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கே திருவள்ளூர் ஓட்டு டிப்போவுக்குப் போயி சீமை ஓட்ட வாங்கியாந்து பின்னாண்ட அடுக்கிடுயா. மரவேல, கூரை பிரிக்கிறது எல்லாம் அப்பால பாத்துக்கலாம். ஓடு மொதல்ல ஊட்டுக்கு வந்துடணும்."

"ஓடு எங்கமே ஓடப் போவுது? தச்சன் வரட்டும். எல்லாம் ஒண்ணா முடிச்சிடலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

என் பஸ்ஸில் தினமும் வருகிற மோல்டர் ஒருவன் இருந்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பித்தளை வார்க்கிற ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. பின் சீட்டில், என் பக்கத்தில்தான் உட்காருவான். மற்றவர்கள் மாமியாரைப் பற்றிப் பேசினால் இவன் உலோகத்தைப் பற்றிப் பேசுவான். ஒருநாள் நான் மீதி கொடுத்த எட்டணாவை வாங்கியவன், பட்டறைக் காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். எட்டணா துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா அண்ணாத்த? சுத்த நிக்கலு. கப்பல்ல வர்ற சரக்கு. இப்ப அடிக்கிற புது எட்டணா ஒட்டாது, செம்பு கலந்துட்டான் சர்க்காருக்காரன். ஏன் கலந்தான்ற? உள்ள கீற நிக்கலு எட்டணாவத் தாண்டிப் பூடுமேன்னு பயம்."

"அப்ப இந்தத் தாமரைக் காசு?" மஞ்சளாய்ப் பளபளத்த இருபது பைசாவை நீட்டினேன்.

"இதுல தங்கம் கலந்துகீதுன்னு ஊரே சொல்லுது. தங்கம் கீதோ இல்லியோ, பித்தளைக்குப் பித்தளை எங்கியும் போவாது. நோட்டுல இன்னா கீது? காயிதம். வெல இன்னும் ஏறிச்சின்னா அத்த வச்சிக்கினு மூக்குதான் சிந்தலாம்."

மஞ்சள் துணி முடிச்சு என் நினைவில் வந்து நின்றது. அதற்குள் இருப்பது பூராவும் காகிதம்! நானோ காலை முதல் மாலை வரை காகிதத்தைக் கிழித்து விற்கிறவன். இறங்கின மறு நிமிஷமே அதை ஜனங்கள் எங்கே எறிகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவன். காகிதத்தின் மதிப்பு என்னைவிட யாருக்குத் தெரியும்? அரிசிக்காரன் நாளைக்கு வேறு விலை சொல்வான். ஆனால் உலோகம்? உலோகமும் கூடவே ஏறும். ஓடு என்ன பெரிய ஓடு, ஆறு மாதம் பொறுத்தால் நிக்கல் பணத்தில் ஓடும் போடலாம், தரைக்குச் சிமெண்டும் பூசலாம். இப்படியாக ஒரு நிதி மந்திரிபோல் யோசித்துவிட்டு, திருவள்ளூர் ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வாங்கிவந்து, என் தோல் பைக்குள் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்.

வேலை சுலபம். வசூலில் விழுகிற எட்டணாக்களைப் பையில் போட்டதுமே பழையவை காந்தத்துக்குப் பாயும். புதியவை அடியில் கிடக்கும். டிரிப் முடிகையில் காந்தத்தைத் தூக்கினால், முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பியிருப்பதுபோல் எட்டணாக்கள் அப்பியிருக்கும். அவற்றைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, அதே அளவுக்கு மஞ்சள் துணி நோட்டுகளைப் பையில் வைத்துவிடுவேன். தாமரைக் காசுகளைக் கையாலேயே பொறுக்கிவிடலாம். முதலாளிக்கு ஒரு பைசா குறையாது. அவருக்குக் காகிதம், எனக்கு உலோகம். அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

சில வாரங்களில் என் பஸ்ஸில் சில்லறை என்பதே அற்றுப்போனது. ஊரெங்கும் ஏற்கெனவே தட்டுப்பாடு. டீக்கடையில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள், வெற்றிலைக் கடையில் பாக்கு கொடுத்தார்கள். என்னிடம் மிட்டாயும் இல்லை, பாக்கும் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். பழவேற்காட்டு மீனை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஏறி ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போகிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். கூடையோடு அவள் ஏறினாலே பஸ்ஸில் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள், மீதிப் பேர் காதைப் பொத்துவார்கள்.

"சில்லறை இல்ல தாயே, எழுதித் தரேன்" என்றேன்.

"இன்னாது, இல்லியா? பை சலங்கை கட்னாப்பல ஜல்ஜல்னு ஆடுது, இல்லன்றியே! எனுக்குக் கண்ணுதான் மங்கல், காது இல்ல." இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு கத்தை டிக்கெட்டை என் முகத்துக்கு நேராக விசிறிபோல் விரித்தாள். "இதெல்லாம் உன் கையெழுத்துதான நைனா? இத்த கொழம்புல போட்டா கொதிக்குமா?"

"எவனோ பதுக்குறாம்மா. அதான் நாட்டுல சில்லறையே இல்ல."

"அந்தப் பாடையில போறவன் ஊட்டுக் கூரை புட்டுக்கினு விழ!"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் விசிலை ஊதினேன். காகிதத்துக்குப் பயந்து ஓடின நான், என் கையாலேயே ஊருக்கெல்லாம் காகிதம் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரியாமல் இல்லை. புரிந்து என்ன செய்ய? தினமும் நாற்பது வாயிடம் திட்டு வாங்கினேன். திருப்பிக் கிண்டல் செய்யவும் முடியவில்லை. பேஜார் பிடித்த பிழைப்பு. பாக்கி கேட்கிறவனைப் பார்த்தால் எரிச்சல், கேட்காமல் இறங்குகிறவனைப் பார்த்தால் அதைவிட எரிச்சல்.

சேர்ந்த காசை எங்கே வைப்பது? வீட்டில் பெட்டி என்று இருப்பது ஒன்றுதான், அதன் சாவி மனைவியிடம். என் பழைய காக்கி பேண்டில் ஒரு காலை வெட்டி, அடியைச் சணல் கயிற்றால் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே காசைக் கொட்டி, அடுப்படிக்கு மேலே புகை மண்டிக் கிடந்த மோட்டுவளையில் கட்டித் தொங்கவிட்டேன். கீழேயிருந்து பார்த்தால் யாரோ கூரையைப் பொத்துக்கொண்டு ஒற்றைக் காலை உள்ளே விட்டிருப்பதுபோல் இருக்கும்.

"இன்னாயா அது, மேல தொங்குது?"

"வெத அவரை. பொகையில கெடந்தா வண்டு அடிக்காது."

"நமக்கு நெலமே இல்லியேயா!"

"வாங்கலாம்னு ஒரு எண்ணந்தான்."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நக்கல்காரனுக்கு இது ஒரு வசதி. பொய் சொன்னாலும் தமாஷ் என்று விட்டுவிடுவார்கள். ஓடு பற்றிக் கேட்டபோதெல்லாம், "டிப்போவுல சொல்லி வச்சிக்கீறேன், லோடு வரல" என்றேன். இதற்கு அவள் சிரிக்கவில்லை.

டிப்போ வாசலில்தான் எங்கள் பஸ் தினமும் திரும்பும். அங்கே ஒரு பலகையில் சாக்கட்டியால் ஓட்டின் விலையை எழுதியிருப்பார்கள். அந்தப் பலகையை அவர்கள் அடிக்கடி துடைக்க ஆரம்பித்தார்கள். துடைத்து எழுதும்போதெல்லாம் விலை ஏறியிருக்கும். உடனே பின் சீட்டுக்குப் போய், "இன்னிக்கு நிக்கலு இன்னாப்பா?" என்பேன்.

"ஏறிக்கினே கீது அண்ணாத்த" என்பான் மோல்டர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

மனசு ஆறிவிடும். ஓடு ஒரு படி ஏறினால் காக்கிக் கால் இரண்டு படி ஏறுகிறது என்று நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். பஞ்சாங்கத்தில் மழை எப்போது என்று பார்த்தேன். ஐப்பசிக்கு முன்னால் நிக்கலை விற்று ஓட்டை வாங்கிவிட வேண்டும்.

புரட்டாசியில் ஓர் ஓய்வு நாளன்று, மாதிரிக்கு ஒரு பிடி காசை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு என் பஸ்ஸிலேயே பயணியாகக் கும்மிடிப்பூண்டி போனேன். பட்டறையில் உலை உறுமிக்கொண்டிருந்தது. மோல்டர் அச்சுக்கு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். மடியை அவிழ்த்துக் காட்டினேன். அவன் காசைப் பார்க்கவில்லை. முதலில் வாசலைப் பார்த்தான்.

"மூடு அண்ணாத்த, மூடு! சர்க்காரு காச உருக்கினா உள்ள தள்ளிடுவான்."

"நீதானடா சொன்ன, உள்ள கீற நிக்கலு எட்டணாவத் தாண்டிப் பூடும்னு?"

"சொன்னேன். வெல இருக்குதுன்னுதான சொன்னேன்? வாங்கறேன்னு சொன்னனா?" மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். "வோணும்னா ஒண்ணு பண்ணலாம். பழைய சாமான் எடுக்கிறவரு ஒருத்தர் கீறாரு. எட்டணாவுக்கு ஆறணான்னு எடுப்பாரு. அதுவும் உனக்கோசரம்."

"எட்டணாவுக்கு ஆறணாவா? பொட்டிக் கடையில நீட்டினா எட்டணாவுக்கு எட்டணா சாமான் குடுப்பானேடா!"

"அப்ப பொட்டிக் கடைக்கே போ. பயப்படறதுக்கு ரெண்டணா கழிக்க மாட்டானா மனுசன்?"

"உங்க ஒலையிலயே போட்டா இன்னா?"

"இது பித்தளை ஒலை. இதுல நிக்கலு உருகவே உருகாது."

நான் மடியை முடிந்துகொண்டேன். "அப்ப ஏன்டா தெனம் ஏறுது ஏறுதுன்ன?"

"பேச்சுக்குச் சொன்னேன் அண்ணாத்த. அம்மாந்தூரம் பஸ்ல குந்திக்கினு வேற இன்னாதான் பேசறது?"

அவன் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் பெரிய கோபம். பஸ்ஸில் வருகிற எல்லோரையும் பேச்சால் ஏய்த்தவன் நான். என் பஸ்ஸிலேயே, என் பக்கத்திலேயே ஒருவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து என்னை ஏய்த்திருக்கிறான். அதுவும் ஏய்க்கிறோம் என்று தெரியாமலே. உள்ளே எவ்வளவு விலையுள்ள சரக்கு இருந்தால் என்ன? வெளியே எட்டணா என்று அடித்திருக்கிறான். எட்டணாவாகக் கொடுத்தால் எட்டணா. நிக்கலாகக் கொடுத்தால் ஆறணா, கூடவே ஜெயில். இவ்வளவு மாதம் நான் கூரையில் கட்டி வளர்த்தது இதைத்தான்.

அன்றைக்கே நேராக டிப்போவுக்குப் போயிருக்கலாம். புத்தியுள்ளவன் போயிருப்பான். பலகையில் இருந்த விலையைப் பார்த்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஆறணாவுக்குக் கேட்டவன் இன்னும் கொஞ்ச நாளில் ஒன்பதணாவுக்கு வருவான் என்று நினைத்தேன். தோற்றுக்கொண்டிருக்கிற சீட்டாட்டக்காரனும் பயந்தவனும் எழுந்திருப்பதில்லை. இருவருக்கும் கால் மரத்துவிடும்.

ஐப்பசி பிறந்தது. மழை, தச்சனைப்போல் காக்க வைக்காமல், சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியதில் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. நான் வீட்டில் இருந்தேன். முற்பகல் நேரம். மகள் கோணியைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் படுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். மனைவி ஈர விறகோடு மல்லுக்கட்டி ரசம் கொதிக்க வைத்திருந்தாள். மேலே ஏதோ முறுக்கு கடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கரையான் தின்று, மழை குடித்து ஊறியிருந்த மோட்டுவளை மூங்கில் மெதுவாக, மரியாதையாக வளைந்தது. அதை அதுவரை தாங்கியிருந்தது பழக்கம் ஒன்றுதான். அதன் நடுவில் இடுப்புக் குழந்தை கனத்துக்கு என் காக்கிக் கால் தொங்கியது.

படீரென்று முறிந்தது. காக்கிக் கால் நேராக ரசச் சட்டியில் இறங்கியது. என் இரட்டைத் தையல் கிழிந்து, எட்டணாவும் தாமரையும் அடுப்படியெங்கும் சிதறின. பின்னாலேயே ஒரு பாய் அகலத்துக்குக் கூரை சரிந்து விழுந்தது. அதன் வழியாக ஐப்பசி மழை முழுசாக உள்ளே வந்தது.

மனைவி காசைப் பார்க்கவில்லை. மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவளை அங்கே படுக்க வைத்து, துணி மாற்றிவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி வந்தாள். சேற்றில் மினுங்கிக்கொண்டிருந்த காசுகளைப் பார்த்தாள். கிழிந்து கிடந்த காக்கியைப் பார்த்தாள்.

"வெத மொளச்சிடுச்சி போல கீதே" என்றாள்.

நான் குனிந்து காசு பொறுக்க ஆரம்பித்தேன்.

"எம் பணந்தான இது?"

"ஆமாமே."

"லோடு வரலன்னியே."

பொறுக்கின காசைக் கீழே வைத்தேன்.

"குழந்த நெஞ்சு இழுக்குது. நீ அதுக்கு மேல காசக் கட்டித் தொங்க உட்டிருக்க." அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கம்பக்கத்தார் முறமும் சல்லடையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் வெள்ளம் வந்தால் தட்டு முட்டுச் சாமானைக் காப்பாற்றுவார்கள். இங்கே வந்து சேறு சலித்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சலித்தார்கள், அடக்க முடியாதவர்கள் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். அன்றுதான் அந்தக் காந்தம் உருப்படியாக ஒரு வேலை செய்தது. கயிற்றில் கட்டிச் சேற்றில் இழுத்தால் எட்டணாக்கள் ஒவ்வொன்றாக மண்ணோடு வந்து ஒட்டின. தாமரைக் காசுக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. அவை பாட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

தண்ணீர் வடிந்ததும், கழுவின காசை அரிசிப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு இருவரும் திருவள்ளூர் போனோம். பையின் முடிச்சை வழியெல்லாம் அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். டிப்போக்காரர் பையை அவிழ்த்துப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"சில்லறையா? வாங்க, வாங்க! ஊரே சில்லறைக்கு அல்லாடுது. கூலி குடுக்க வழியில்லாம முழிச்சிக்கினு கீறேன்." டீ வரவழைத்தார். காந்தத்தில் ஒட்டுகிற எட்டணாவையும் ஒட்டாத எட்டணாவையும் ஒரே குவியலாகக் கூட்டினார். அவருக்கு எல்லாம் எட்டணா. பிறகு எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். சீட்டு எடுத்த மாதம் முழு வீட்டுக்கும் போதுமாயிருந்த பணம், இப்போது பாதி வீட்டுக்குத்தான் வந்தது. "சில்லறைக்காக ஏதாவது பார்த்து..." என்று இழுத்தேன். "அதான் டீ சொன்னனே" என்றார்.

எந்தப் பாதிக்கு ஓடு என்பதை மனைவி முடிவு செய்தாள். மகள் படுக்கிற பக்கத்துக்குச் சீமை ஓடு. அடுப்படிப் பக்கத்துக்கு மறுபடியும் பனையோலை, அதன் கீழே என் பாய். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்து, இரண்டு அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். மீன்கார அம்மாளுக்கு அந்தக் கத்தை டிக்கெட்டுக்கும் பாக்கியைத் தீர்த்தேன். வாங்கி எண்ணிவிட்டு, "பதுக்கினவன் கெடச்சானா நைனா?" என்று கேட்டாள். கூரை விழுந்த சங்கதி ஊத்துக்கோட்டை வரை போயிருக்கிறது.

மகளுக்கு அந்த மழைக்காலத்தில் இழுப்பு குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்ல முடியும். காற்று அடுப்படிப் பக்கமிருந்து வீசினால் இன்னமும் இருமுகிறாள்.

இப்போதும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மனைவி இப்போதெல்லாம் என் கையில் எதையும் முடிந்து கொடுப்பதில்லை. சேருகிற காசுக்கு அவளே டிப்போவுக்குப் போய், கையால் தூக்க முடிகிற அளவுக்கு ஓடுகளை வாங்கிவந்து, பின்பக்கம் சுவரோரம் அடுக்கி வைக்கிறாள். பலகையில் விலையைத் துடைத்து எழுத எழுத, அந்த அடுக்கும் தானாக மதிப்பு ஏறிக்கொண்டு கிடக்கிறது. இதை நான் அவளுக்கு எடுத்துச் சொல்ல நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன், ஒரு ஓட்டைத் தட்டிப் பார்த்தேன்.

"கைய எடு" என்றாள். "காந்தத்துல ஒட்டாது."

இன்னும் இரண்டு வரிசைக்கு ஓடு வேண்டும். அதுவரை சொட்டுகிற இடத்தில் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் படுக்கிறேன். போன வாரம் அடுப்படியைப் பெருக்கியபோது மண்ணிலிருந்து ஒரு தாமரைக் காசு கிளம்பி வந்தது. முந்தானையில் துடைத்தாள், வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாள். ஓட்டுக்குச் சேர்க்கிற டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். என்னிடம் காட்டவில்லை.